மூன்றாவது கீப்பரின் அம்மா

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐரினுக்குப் புதுக் கையுறை வாங்கியாயிற்று. வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? துணிமணியா, படிப்புச் செலவா? இன்னும் எழுதவில்லை. கோல் போஸ்ட்டில் நிற்பவள் மகள், கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பவள் நான்.

பதினாறாம் தேதி ஸ்டேட் ஃபுட்பால் டீமுக்கு செலக்‌ஷன். ஐரினின் அப்பா சாப்பிடும்போதே சொல்லிவிட்டார்: "இந்த வாட்டி எடுக்கலேன்னா இதோட சரி. ஒழுங்கா பி.யு. பரீட்சைக்குப் படிக்கட்டும்." இவர் சொன்னால் சொன்னதுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

வேலை ஓடவில்லை. போனில் கோல்கீப்பர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒரு காலத்தில் மைதானத்தில் தங்கள் பாதி முழுக்க அவர்கள் பந்தைக் கையால் தொடலாமாம். சட்டையும் மற்றவர்களுடைய அதே நிறம்தானாம். பிரேசிலில் ஒரு கீப்பர் நூறு கோலுக்கு மேல் போட்டிருக்கிறார் — தடுக்க வேண்டியவர்! இப்போது புது விதி: பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிர் அணிக்குக் கார்னர். எட்டு நொடி! ஒரு ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள்...

"என்னம்மா கோச், குக்கர் எத்தன விசில் ஆச்சு?" என்கிறார் இவர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சாந்தகுமாரி அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "பொண்ணு பந்து புடிக்கிறாளாமே ஸ்வர்ணா. மாப்ள புடிக்க வேணாமா?"

"அவளுக்குப் பதினேழுதான் ஆகுதுக்கா" என்றேன். பாஸ்டரிடம் ஜெப எண்ணெய் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

காலையில் அவள் குளிக்கப் போனபோது கையுறை இரண்டின் முதுகிலும் எண்ணெயால் சின்னச் சிலுவை போட்டேன். உள்ளங்கைப் பக்கம் போட்டால் வழுக்கும் என்று தெரியாதா எனக்கு? முதுகில்தான் போட்டேன். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாகப் பையில் வைத்தது யார்? நான்தானே. மேலே இருந்ததன் உள்ளங்கையில் எண்ணெய் ஊறிவிட்டது.

மேட்ச்சில் நேராக வந்த பந்து. கைக்குள் வந்து, வழுக்கி, கோல். "கையில வெண்ணெயா?" என்று எவனோ கத்தினான். ஐரின் கையுறையை மோந்து பார்த்தாள். என் பக்கம் ஒரு பார்வை. புல்லில் தேய்த்துவிட்டு மறுபடி நின்றாள். அதற்குப்பின் ஒரு பந்தையும் விடவில்லை. ஆனால் விட்டது விட்டதுதானே?

ஆட்டோவில் சொன்னாள்: "டாடிகிட்ட எண்ணெய் விஷயம் சொல்லாத மம்மி. ஒன்ன திட்டுவாரு."

பழிய அவ ஏத்துக்குவாளாம். அப்ப நான் எதுக்கு இருக்கேன்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சபையில் மனம் நிற்கவில்லை. பெனால்டியின்போது கீப்பர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் பாய்கிறார்களாம். நடுவிலேயே நின்றிருந்தால் இன்னும் அதிகம் தடுத்திருக்கலாம் என்கிறது ஓர் ஆராய்ச்சி. பிறகு ஏன் பாய்கிறார்கள்? சும்மா நின்றான் என்ற பேர் வரக் கூடாதே. நானும் பாய்ந்தேன் — எண்ணெயோடு.

ஆகஸ்ட் 18, திங்கள்

மைதானத்துக்கே போய்க் ஸ்டேட் டீம் கோச் அலெக்சாண்டரிடம் சொல்லிவிட்டேன். "எண்ணெய் வச்சது நான் சார். அவ மேல குத்தமில்ல."

முழித்தார். அப்புறம் சிரித்தார். "அதான் பந்து பிசுபிசுன்னு இருந்துச்சா! ஆன்ட்டி, கோல் யார்தான் வாங்கல? வாங்கினப்புறம் அவ எப்படி நிக்கிறான்னுதான் பாத்தேன். பேரு அன்னிக்கே குடுத்தாச்சு. மூணாவது கீப்பர்."

பெரிய போட்டிகளுக்கும் மூன்று கீப்பர்கள் போகிறார்கள். மூன்றாமவர் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வீடு திரும்புவதுண்டு.

"ஒக்காந்துட்டு வர்றதுக்கு ஒரு செலக்‌ஷனா?" என்றார் இவர், ராத்திரி சாப்பிடும்போது.

"எடுக்கலேன்னாதானே நிறுத்தணும்னீங்க? எடுத்துட்டாங்க."

நானா பேசினேன்? அவரும் என்னையே பார்த்தார். பிறகு ரசம் கேட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

போட்டி நடக்கும் கோவாவிலிருந்து ஐரின் போன் பண்ணினாள். ஜெயித்துவிட்டார்கள். இவள் பெஞ்சில்தான். "மேட்ச்சுக்கு முன்னாடி மெயின் கீப்பருக்கு நான்தான் பந்து அடிச்சுக் குடுத்தேன் மம்மி. செமயா புடிச்சா!" குரலில் வருத்தமே இல்லை.

இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "அடுத்த மேட்ச் எப்போ? யார்கூட? அவங்க ஸ்ட்ராங்கா?"

மற்ற இரண்டு கீப்பர்களின் சுகத்துக்காகவும் ஜெபித்தேன். பாதி மனதோடுதான்.