பதினாறு நாள் பாடம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கச்சிப் பாப்பா மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனிலேயே சொல்லிவிடு என்றார் அப்பா. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதோடு உனக்கு ஒரு தாளும் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால்தான் கடிதம்.

லீவுக்கு வந்திருந்தபோது, பேர் சொல்லிக் கூப்பிட்டா பாப்பா திரும்பவே மாட்டேங்கிறாம்மா, ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க என்று நீ சொன்னாய். காலேஜில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் பெரிய மனுஷனாகிவிட்டாயா என்று உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினேன். இரண்டு மாசமாக உன்னோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. ஆனால் நீ சொன்னது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. கடைசியில் நேற்றுதான் கூட்டிக்கொண்டு போனோம். போவதற்கு முன்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

குழந்தை வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று இன்டர்நெட்டில் தேடி இருபது கேள்வியை எழுதி எடுத்தேன். டியூஷன் எடுக்கிறவள் புத்தி வேறெங்கே போகும். தினமும் காலை பத்து மணிக்குப் பாப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, மூக்கைத் தொடு, காதைத் தொடு, டாட்டா காட்டு, பொம்மைக்கு ஸ்பூனால் ஊட்டு என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். இருபதும் முடிந்தால் ஒரு பிஸ்கட். அப்பா தன் ஜெராக்ஸ் கடையில் நாய், சாவி, செருப்பு எல்லாம் கலரில் பிரின்ட் போட்டு லேமினேட் செய்துகொண்டு வந்தார். நம்ம பாப்பா நூத்துக்கு நூறு வாங்கிடுவா, பாரு என்றார். எங்களுக்கு அது நோய் இருக்கிறதா என்று பார்க்கிற இடமாகவே தோன்றவில்லை, இன்டர்வியூவாகத்தான் தோன்றியது.

அந்த டாக்டரம்மா ரொம்பச் சாந்தம். தரையில் பாய் விரித்து, ஒரு தட்டில் பந்து, கப், ஸ்பூன், பொம்மை வைத்திருந்தார். மூக்கு எங்க கண்ணு என்று கேட்டார். பாப்பா தொட்டாள். அப்பா என் முழங்கையை இடித்தார், எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் ஒன்றுமே கேட்கவில்லை, பேனாவை எடுக்கத் திரும்பினார், அவ்வளவுதான். பாப்பா தன் பாட்டுக்குக் காதைத் தொட்டாள். சுவரைப் பார்த்து டாட்டா காட்டினாள். பொம்மை வாயில் ஸ்பூனை வைத்தாள். ஒன்றுவிடாமல், நான் சொல்லிக் கொடுத்த அதே வரிசையில், யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் இருபதையும் செய்து முடித்துவிட்டு, எதிரே ஆளே இல்லாத பக்கம் பிஸ்கட்டுக்குக் கையை நீட்டினாள். அந்தக் கை அப்படியே நின்றது. எத்தன நாளா சொல்லிக் கொடுத்தீங்க என்று டாக்டர் கேட்க, பதினாறு நாள் என்று அப்பா பெருமையாகவே சொல்லிவிட்டு, பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் திட்டவில்லை. நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க, ஆனா நீங்க சொல்லிக் கொடுக்காத பாப்பாவைத்தான் நான் பார்க்கணும் என்றார். ஆட்டிசமாக இருக்கலாம், இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வேன் என்றார். அந்த வார்த்தையைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன். அடுத்து, யாரும் சொல்லாம அவளா என்ன செய்வா, எது பிடிக்கும் என்று கேட்டார் பார், அங்கேதான் நான் செத்தேன். டியூஷனுக்கு வரும் முப்பது பிள்ளைகளில் யாருக்கு எந்தக் கணக்கு வராது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வயிற்றில் பிறந்தவளைப் பற்றிக் கேட்டதற்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.  பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த லேமினேட் அட்டைகளை அப்பா மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

இன்று பத்து மணிக்கு நான் மேஜைக்குக் கூப்பிடவில்லை. அவளே வந்து கொஞ்ச நேரம் நாற்காலி பக்கத்தில் நின்றாள், பிறகு போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அதே சுருதியில் முனகினாள், அது வேகமெடுத்தபோது இவளும் ஏற்றினாள், அது நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் இவள் நிறுத்தினாள். கையை எடு என்று சொல்ல வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். பாப்பா மெஷினோட பாடுறாம்மா என்று நீ ஒருநாள் கூப்பிட்டாயே, வேலையத்தவனே, போய்க் குளி என்று விரட்டினேனே. உன்னை வளர்த்தபோது எனக்கு வயசு பத்தவில்லை, இவளையாவது பக்குவமாக வளர்ப்பேன் என்று நினைத்திருந்தேன் கண்ணு.

டாக்டர் கொடுத்த தாளில் ஒரு பக்கத்தை அனுப்புகிறேன். யாரும் சொல்லாமல் குழந்தை தானாகச் செய்வது என்று மேலே போட்டிருக்கிறது, கீழே முழுக்க வெற்றிடம். அப்பா ஒரு வரி எழுதினார், நான் மெஷினை எழுதினேன். லீவில் முப்பது நாள் அவளோடு தரையில் கிடந்தவன் நீ ஒருத்தன்தான், மற்றதை நீதான் நிரப்ப வேண்டும். வரும் இருபத்தெட்டாம் தேதி மறுபடி டாக்டரிடம் போகிறோம், அதற்குள் என் கைக்கு வந்துவிட வேண்டும், மறந்துவிடாதே. கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. பாப்பா நன்றாகத்தான் இருக்கிறாள் என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதே. அதை எனக்கு நானே பதினாறு நாள் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ பார்த்ததை எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா