கிள்ளானுக்குக் கடைசி ரயில்

கிள்ளான்,
4-7-1936

அன்புள்ள பூசணி,

உன் சுகம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்று கை வரவில்லை.

பள்ளிகளின் கூடைப்பந்துப் போட்டிக்கு ஆட்ட வரிசை வந்தது. போன வருஷம் நன்றாக ஆடிய நான்கு குழுக்கள் ஆரம்பத்திலேயே மோதாதபடி பிரித்து வைத்திருக்கிறீர்கள். நல்ல முறைதான். இறுதி ஆட்டம் வரை வந்த எங்களுக்கு மட்டும் அதில் இடமில்லை. முதல் ஆட்டமே கோப்பை வாங்கிய பள்ளியோடு. காரணம், 'பாதியில் விலகிய குழு'.

விலகினோமா? மழையால் அந்த இறுதி ஆட்டம் தாமதமாயிற்று. இரு பக்கமும் சமமாக இருந்தபோது எங்கள் கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கமிட்டிக் காரியதரிசி நீதான் என் கையைப் பிடித்து, "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போ புஷ்பம், சமம் எண்டு நான் பதிய வைக்கிறன்" என்றாய்.

குழுத் தலைவி மாரியாயி, துறைமுகக் கூலிக்காரரின் மகள், என்னிடம் கேட்டாள்: "நாங்க பயந்து ஓடிட்டோம்னு எழுதிட்டாங்களா டீச்சர்?"

வரிசையைத் திருத்தச் சொல்.

புஷ்பவல்லி

*

பிரிக்பீல்ட்ஸ்,
8-7-1936

என் பிரியமான புஷ்பம்,

ஒரே புத்தகத்தை இருவராகப் படித்தவர்கள் நாம். ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு கோபமா?

உங்களை அனுப்பியது நான்தான் என்று கமிட்டிக் கூட்டத்தில் சொல்லத்தான் எழுந்தேன். "மைதானத்துக்கு எதிரேதானே உம்முடைய வீடு, பிள்ளைகளை ஓர் இரவு தங்க வைத்து ஆட்டத்தை முடித்திருக்கலாமே" என்று தலைவர் வல்லிபுரம் கேட்டால் என்ன சொல்வேன்? அம்மாவை உனக்குத் தெரியும். அந்தக் கூலிக்காரப் பிள்ளைகளை வாசலோடு நிறுத்துவா. இதைச் சபையில் சொல்ல முடியுமா? பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வருஷம் சரி செய்வேன்.

நீ வழக்கம்போல் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டா.

உன்
குணபூசணி

*

கிள்ளான்,
11-7-1936

பூசணி,

ஒரு கேள்விக்குப் பயந்து எட்டுப் பெண்களைக் கோழைகளாக்கினாய். உன் வீட்டுச் சோற்றை எத்தனை முறை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன்! எனக்கு மட்டும் ஏன் வாசல் திறந்தது என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை. அதற்காக என் மீதும் கோபம்தான்.

வரிசை அப்படியே இருக்கட்டும். கோப்பை வாங்கியவர்களோடு முதலிலேயே ஆடுகிறோம். இனி ரயிலைப் பற்றிக் கவலை இல்லை. உன் தெருவுக்குப் பின்னால், ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் மாரியாயியின் சித்தி இருக்கிறாள். ஒற்றை அறைதான், எல்லாருக்கும் பாய் விரிப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கும் சேர்த்து.

ஆட்டம் முடியும்வரை மைதானத்தில் இருப்போம். நீயும் இருப்பாய். என் கையைப் பிடிக்க மட்டும் வராதே.

இப்படிக்கு,
கிள்ளான் குழுவின் ஆசிரியை