நான்காம் கிலோமீற்றரின் பூச்சியத்தைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
மிருணாளினி தேவராஜா,
பென்டில் ஹில், சிட்னி.
(உடன் கையொப்பமிடுவோர் மூவர், பெயர்கள் இறுதியில்.)

பெறுநர்:
தலைவர்,
வொரெல்லா கிரீக் வீதி விரிவாக்க விசாரணைக் குழு,
சிட்னி.

பொருள்: வொரெல்லா கிரீக் வீதியின் நான்காம் கிலோமீற்றரில் வாகனங்களில் அடிபட்டு இறந்த கங்காருக்கள் கணக்கெடுப்பில் விடுபட்டமை, அதனால் பிழையாகிப்போன கணிப்பைத் திருத்தி, வேலியையும் வீதிக்குக் கீழான கடவையையும் உரிய இடத்தில் அமைக்கக் கோருதல்.

பார்வை: பொதுமக்களின் கருத்துக்காக வைக்கப்பட்டுள்ள சுற்றுச்சூழல் அறிக்கை, பக்கம் 38, அட்டவணை 6.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. மேற்படி அட்டவணை 6ஐத் தயாரித்தவள் நான். அதில் நான்காம் கிலோமீற்றருக்கு நேரே, இறந்த விலங்குகள் என்ற நிரலில், பூச்சியம் என்று இருக்கிறது. அது பிழை. கணக்கெடுப்பு நடந்த பதினான்கு மாதங்களில் அங்கே குறைந்தது நாற்பத்தேழு கங்காருக்கள் இறந்திருக்கின்றன. அவற்றைப் புதைத்தவர்கள் இந்த மனுவில் என்னோடு கையொப்பமிடுகிறார்கள்.

2. இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று தாங்கள் கேட்கக்கூடும். எந்த மொழியிலும் மனு அனுப்பலாம், மொழிபெயர்ப்பைக் குழு பார்த்துக்கொள்ளும் என்று தங்கள் அறிவித்தலில் உள்ளது. அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிய எனக்கு இதையும் ஆங்கிலத்தில் எழுத முடியும். ஆனால் சாட்சிகளில் ஒருவரான திருமதி பவளம் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நான் கையெழுத்து வைக்கிறதை நான் வாசிக்க வேணும் பிள்ளை. இங்கிலீசில எழுதிப்போட்டு, இந்தா அன்ரி, இதில வையுங்கோ எண்டால் வைக்கமாட்டன். அப்பிடி வைச்சுத்தான் போன வாடகை வீட்டில மாட்டுப்பட்டனான்." அவர் கேட்டது நியாயம்.

3. கணிப்பு எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீதியின் மேற்கே புல்வெளி, கிழக்கே ஓடை. ஏறக்குறைய நூற்று நாற்பது கங்காருக்கள் கொண்ட ஒரு கூட்டம் மேற்கே மேய்ந்து, கிழக்கே போய்த் தண்ணீர் குடிக்கிறது. அதில் பதினொரு பெண் கங்காருக்களுக்கு ஜிபிஎஸ் பொருத்திய கழுத்துப் பட்டி கட்டப்பட்டது. அவை எங்கே வீதியைக் கடக்கின்றன என்பதைப் பட்டிகள் காட்டின. எங்கே அடிபட்டு இறக்கின்றன என்பதை அறிய, ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்து மணிக்கு ஒருவர் வீதி நெடுகக் காரில் போய், ஓரத்தில் கிடக்கும் உடல்களை எண்ணினார். இந்த இரண்டு தரவுகளையும் ஒரு கணினி மாதிரியில் இட்டு, நான்கு தடங்களாக வீதி அகலமானால் கூட்டத்துக்கு என்ன ஆகும் என்று கணித்தோம்.

4. கங்காருக்கள் மிக அதிகமாகக் கடக்கும் இடம் நான்காம் கிலோமீற்றர். அங்கே ஓர் உடல்கூட எண்ணப்படவில்லை. ஆகவே மாதிரி, இந்த இடத்தில் கங்காருக்கள் ஆபத்தின்றிக் கடக்கின்றன என்று முடிவு சொன்னது. "இவ்விடத்தில் வேலியோ கடவையோ அவசியமில்லை" என்ற வாக்கியத்தை எழுதியதும் நான்தான். ஒன்பது உடல்கள் எண்ணப்பட்ட ஏழாம் கிலோமீற்றருக்குக் கடவை ஒதுக்கப்பட்டது. பட்டி கட்டிய பதினொன்றில் ஒன்றுகூட ஏழாம் கிலோமீற்றர்ப் பக்கம் போனதில்லை. அது வேறு கூட்டத்தின் இடம். இதுவும் என் கண்ணில் பட்டது. பூச்சியம் கையில் இருந்தபடியால் நான் மேலே யோசிக்கவில்லை.

5. கடந்த மே மாதம் நான்காம் கிலோமீற்றரில் உள்ள துர்க்கை அம்மன் கோயிலில் அன்னதானத்துக்குத் தட்டுகள் எடுக்கக் களஞ்சிய அறைக்குப் போனேன். பக்தர்கள் விட்டுப்போன குடைகளுக்கு நடுவே, ஆணியில், எங்கள் எட்டாம் இலக்கப் பட்டி தொங்கியது. 2024 நவம்பரில் அதன் சமிக்ஞை நின்றுபோனது. பழுது என்று பதிந்திருந்தோம். தகரக் கூரையின் கீழ் எந்தச் சமிக்ஞையும் வெளியே போகாது.

கோயிலின் துப்புரவுத் தொண்டுக்குப் பொறுப்பான திரு. யோகேஸ்வரனிடம் அது எப்படி வந்தது என்று கேட்டேன். "அதுவோ? அது ஆரோ வீட்டில வளத்த கங்காரு பிள்ளை. கழுத்தில பட்டி கிடந்தது. சொந்தக்காரர் தேடி வந்தால் குடுக்கலாம் எண்டு கழுவி, மஞ்சள் தண்ணி தெளிச்சு வைச்சனான். ஆறு மாசமாச்சு, ஒருத்தரும் வரேல்லை" என்றார். சொந்தக்காரி நான்தான் அங்கிள் என்று சொல்லவேண்டி வந்தது.

6. துர்க்கைக்கு விசேட நாள் செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு இராகுகாலப் பூசை. காலை எட்டு மணிக்கு மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டுவதற்கு முன், கோயிலுக்கு வரும் வழியில் உயிரற்ற உடல் எதுவும் கிடக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே ஒவ்வொரு செவ்வாயும் காலை ஏழு மணிக்குத் தொண்டர்கள் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு வாயிலின் இரு பக்கமும் அரைக் கிலோமீற்றர் நடந்து, கிடப்பதை எடுத்து, கோயில் காணியின் பின்புறம் புதைக்கிறார்கள். பிறகு அந்த இடத்தில் மஞ்சள் நீர் தெளிக்கிறார்கள். பத்து மணிக்குக் கணக்கெடுப்பவர் வரும்போது வீதி கழுவிவிட்டது போல இருக்கும். அப்படித்தான் பூச்சியம் வந்தது.

7. இது எவருடைய சூழ்ச்சியும் இல்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். கருத்துக் கேட்கப்பட்டோர் பட்டியலில் கோல்ப் கழகம் இருக்கிறது, குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. கோயிலிடம் வாகனத் தரிப்பிடத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். கணக்கெடுப்பவர் காரை விட்டு இறங்கியதில்லை. நானும் அலுவலகத்தை விட்டு இறங்கவில்லை. எட்டு வருடமாக அந்தக் கோயிலில் சாப்பிட்டு வருகிறேன்; அந்த வீதிக்குப் பதினான்கு மாதம் கணக்குப் போட்டேன்; இரண்டையும் சேர்த்து ஒருநாளும் யோசிக்கவில்லை. மற்றவர்கள்மீது குற்றம் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விட முடியாது.

8. தொண்டர்களிடம் ஆதாரம் உண்டு. வழி துப்புரவாகிவிட்டது என்று மடைப்பள்ளிக்குத் தெரிவிக்க, ஒவ்வொரு முறையும் வட்ஸ்அப் குழுவில் எடுப்பதற்கு முன் ஒன்றும் எடுத்த பின் ஒன்றுமாகப் படம் போடுவார்கள். திகதியும் நேரமும் அதில் உள்ளன. நாற்பத்தேழு கங்காருக்களின் படங்களையும் இணைத்துள்ளேன். படம் எடுக்க மறந்த நாட்களும் இருந்தன என்கிறார்கள். அவற்றை நான் சேர்க்கவில்லை.

9. அந்தப் படங்களைத் தொண்டர்களோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, பெண் கங்காருக்களின் பையைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். தாய் அடிபட்டு இறந்தாலும் பைக்குள் குட்டி சில நாட்கள் உயிரோடு இருக்கலாம் என்பது தாங்கள் அறிந்ததே. மண்வெட்டி பிடிப்பவர்களில் ஒருவரான திரு. செந்தில்நாதன், "பையைப் பாக்கணும்னு எங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?" என்று கேட்டார். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து நான்கு வருடம் ஆகிறது. கணினித் துறையில் வேலை. அப்போதுதான் திருமதி பவளம், மார்ச் மாதத்தில் ஒரு நாள் தள்ளுவண்டியில் வயிறு அசைந்ததைத் தான் கண்டதாகவும், செத்தது அசையுமோ, உமக்குக் கண் பிழை என்று மற்றவர்கள் சொன்னதால் பேசாமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். இப்போது அவர் செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்கு வருவதில்லை. இதைத் தம் பெயரோடு எழுதச் சொன்னவர் அவர்தான்.

குப்பைத் தொட்டியின் மூடி எந்த நிறம் என்று சொல்ல எங்கள் பகுதிக்கு ஒன்பது மொழிகளில் துண்டுப்பிரசுரம் வருகிறது. பையைப் பார்க்கச் சொல்லும் துண்டுப்பிரசுரம் ஒரு மொழியில் மட்டும் உண்டு.

10. பட்டி கிடைத்த மறுநாளே நான் பணிபுரிந்த ஆலோசனை நிறுவனத்தில் எழுத்தில் தெரிவித்தேன். தரவு பூட்டப்பட்டுவிட்டது, கோயில்காரர்கள் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை ஆய்வுத் தரவாக ஏற்க முடியாது என்று பதில் வந்தது. ஜூன் மாத இறுதியில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று வாதிட நான் வரவில்லை. அறிக்கையின் இணைப்பில் வெளியாகியுள்ள சமன்பாடுகளையும் தரவையும் மட்டும் கொண்டு, பூச்சியத்தின் இடத்தில் நாற்பத்தேழை இட்டு, வீட்டில் மாதிரியை மறுபடி ஓட்டினேன். தற்போதைய திட்டப்படி நான்கு தடம் போட்டால் ஆறு வருடத்தில் அந்தக் கூட்டம் இல்லாமல் போகும். நான்காம் கிலோமீற்றரில் கடவையும் இரு பக்க வேலியும் இருந்தால் நிலைக்கும். கணக்கு முழுவதும் இணைப்பில் உள்ளது. பிழை இருந்தால் காட்டுங்கள். இரண்டாவது முறையும் பிழை விட நான் விரும்பவில்லை.

11. எங்கள் பக்கத்திலும் எதிர்ப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை. வீதி அகலமானால் கோயிலுக்குப் பெரிய வாயில் கிடைக்கும். அதனால் நிர்வாக சபை திட்டத்துக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்திருக்கிறது. சபைத் தலைவர் திரு. கல்யாணசுந்தரம் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், "கோயில் காணியில புதைச்சது வெளியால தெரிஞ்சால் தேருக்கு அனுமதி தருவாங்களோ? உமக்கு என்ன பிள்ளை, கங்காருவுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யப்போறீரோ?" என்று கேட்டார். சபையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு இருபத்தொரு தொண்டர்களில் மூவர்தான் கையொப்பமிட முன்வந்தார்கள். செவ்வாய்க்கிழமை பூசைக்கு நேரம் பிந்திவிட்டது என்று எண்பதுக்கு மேல் ஓட்டி வரும் கார்களும் எங்களுடையவைதாம். அடிபட்டவற்றில் எத்தனையை நாங்களே அடித்தோம் என்பதற்குப் படம் இல்லை.

12. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

அ) அட்டவணை 6இல் உள்ள பூச்சியத்தை நீக்கி, இணைக்கப்பட்ட ஆதாரத்தைத் தங்கள் சொந்த நிபுணர் ஒருவரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

ஆ) திருத்திய எண்ணிக்கையோடு மாதிரியை மறுபடி ஓட்டும்வரை, ஓகஸ்ட் 15ஆம் திகதி அறிவிக்கவுள்ள முடிவை ஒத்திவைக்க வேண்டும். கொங்கிரீட் போட்ட பிறகு கடவையைத் தூக்கி வைக்க முடியாது.

இ) கோயில் காணியைத் தோண்டிப் பார்ப்பதானால் தோண்டலாம். இடத்தைத் திரு. யோகேஸ்வரன் காட்டுவார். காட்டு விலங்கை அனுமதியின்றிப் புதைத்தது குற்றமானால் அந்த வழக்கைத் தனியாக நடத்துங்கள். அதைச் சாட்டி இந்தத் தரவைத் தள்ளிவிட வேண்டாம்.

13. ஒரு விடயத்தை முன்கூட்டியே அறிவிக்கிறோம். இது ஆடி மாதம். இன்னும் மூன்று ஆடிச் செவ்வாய்கள் உள்ளன: ஜூலை 29, ஓகஸ்ட் 5, ஓகஸ்ட் 12. வருடத்தில் கோயிலுக்கு மிக அதிகமானோர் வரும் நாட்கள் இவை. இந்த மூன்று நாட்களும் வழியைத் துப்புரவு செய்வதில்லை என்று கையொப்பமிட்ட நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். துப்புரவுப் பொறுப்பு இன்னும் திரு. யோகேஸ்வரனிடம்தான் உள்ளது, மண்வெட்டிகள் இருக்கும் அறைப் பூட்டின் திறப்பும் அவரிடம்தான். பையைத் திறந்து பார்ப்போம், உயிரோடு குட்டி இருந்தால் விலங்கு மீட்புக்காரரை அழைப்போம், உடலை வீதியோரத்துக்கு நகர்த்துவோம். அதற்கு மேல் கை வைக்கமாட்டோம். பட்டுச் சேலையோடும் பால் செம்போடும் வருகிறவர்கள் அவற்றைக் கடந்துதான் உள்ளே போவார்கள். எங்களுக்குக் கிடைக்கப்போகும் பேச்சு என்ன என்று தெரியும். பதினேழு வருடம் இந்தத் தொண்டைச் செய்தவருக்கு இது இலகுவான முடிவும் இல்லை.

அந்த மூன்று நாட்களிலும் காலை பத்து மணிக்குத் தங்கள் கணக்கெடுப்பாளரை அனுப்பி வைக்கும்படி வேண்டுகிறோம். காரை வாயிலில் நிறுத்திவிட்டு இறங்கி நடக்கச் சொல்லுங்கள். திருமதி பவளம் உட்பட நாங்கள் நால்வரும் அங்கே நிற்போம்.

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்) மிருணாளினி தேவராஜா
(ஒப்பம்) யோகேஸ்வரன்
(ஒப்பம்) பவளம். முழுவதையும் இரண்டு தரம் வாசித்தேன்.
(ஒப்பம்) செந்தில்நாதன்

இடம்: பென்டில் ஹில், சிட்னி
திகதி: 25 ஜூலை 2025

இணைப்பு: படங்கள், திருத்திய கணிப்பு, எட்டாம் இலக்கக் கழுத்துப் பட்டி.