என் மகன் குடித்துச் சாகவில்லை

அனுப்புநர்:
பெப்பீனா கோஸ்ஸு (வயது 58),
காலஞ்சென்ற தோமாஸ் மெலிஸ் என்பவரின் மனைவி,
கிணற்றுத் தெரு, ஸா முரேதா கிராமம்,
சார்தீனியா.

பெறுநர்:
மாவட்ட அரசு வழக்கறிஞர் அவர்கள்,
நீதிமன்றக் கட்டடம், மாவட்டத் தலைநகர்.

பொருள்: என் மகன் ரைமொந்தோ மெலிஸ் (வயது 32) இறந்தது பற்றிய விசாரணை அறிக்கையில் உள்ள ஒரு வரியை நீக்கி, உண்மைக் காரணத்தை எழுதும்படி வேண்டுதல்.

பார்வை: என் மனுக்கள், நாள் 4.12.1978 மற்றும் 19.3.1979. இரண்டுக்கும் பதில் வரவில்லை.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன இரண்டு மனுக்களையும் எங்கள் பங்குச் சாமியார் எழுதித் தந்தார். இதை நானே எழுதுகிறேன். அவரிடம் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது.

2. சென்ற ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி பகல் பதினோரு மணிக்கு, எங்கள் வீட்டுக் கீழறையில் திராட்சைச் சாறு கொதித்துக்கொண்டிருந்த சிமெண்ட் தொட்டிக்குள் என் மகன் இறங்கினான். பாதிச் சாற்றைப் பீப்பாய்களுக்கு மாற்றியாகிவிட்டது. அடியில் வடிதுளை அடைத்துக்கொண்டதால் மீதி வடியவில்லை. முழங்கால் அளவுக்கு நின்றது. நெருப்பில்லாமல் சாறு தானே நுரைத்துப் பொங்கி ஒயினாக மாறுவதைத்தான் கொதிப்பு என்கிறோம்; அப்போது கெட்ட காற்று எழும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கனமான காற்று என்பதால் தொட்டியின் அடியிலேயே படுத்துக் கிடக்கும். ரைமொந்தோ மயங்கிச் சாற்றில் குப்புற விழுந்தான். பக்கத்து வீட்டார் கயிறு போட்டுத் தூக்கியபோது உயிர் இல்லை.

3. அறிக்கையின் ஒன்பதாம் வரி: "இறந்தவர் குடிபோதையில் நிதானமின்றித் தொட்டியில் இறங்கியதால் இறந்தார்." அதற்கு இரண்டு காரணங்கள் காட்டியிருக்கிறார்கள். உடலில் ஒயின் வாடை இருந்தது என்று கடலுக்கு அப்பாலிருந்து இந்தத் தீவுக்கு வந்த டாக்டர் சொன்னார். கீழறையில் மெழுகுவர்த்தி இல்லை என்று எங்கள் ஊர்க் காவல் அதிகாரி சொன்னார்.

4. முதல் காரணத்துக்கு என் பதில். சாற்றில் மூழ்கியவன் மேல் வேறு என்ன வாடை வரும், ஐயா? அவன் நெஞ்சுக்குள் போனது அவன் குடித்தது அல்ல, அவனைக் குடித்தது. சாறு கொதிக்கும் மூன்று வாரமும் எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு மிடறுகூடத் தொட மாட்டார்கள். குடித்தால் மூக்கு மந்தமாகிவிடும், புளிப்பேறும் பீப்பாயை மோந்து கண்டுபிடிக்க முடியாது. என் கணவர் அப்படித்தான் இருந்தார். மகனும் அப்படித்தான் இருந்தான்.

5. அந்த ஒரு வரியால் நடந்தது இது. எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளை பிறந்தால் அந்த ஆண்டு ஒயினில் ஒரு பீப்பாயைத் தனியே எடுத்து வைப்போம். விளிம்பு வரை ஊற்ற மாட்டோம். மேலே இடம் விட்டால்தான் ஒயினைக் கெடாமல் காக்கும் வெள்ளைப் பூ அதன் மீது ஆடைபோல் படரும். பிறகு யாரும் அதை அசைக்கக் கூடாது. பிள்ளையின் கல்யாணத்தில் திறப்போம். கல்யாணம் காணாமல் போய்விட்டால் முதலாண்டுத் திவசத்தில் திறந்து, ரொட்டியும் உலர்த்திய மடவை மீன் முட்டையும் வைத்து, ஊரே குடித்து அவனை அனுப்பி வைக்கும். ஆனால் குடிகாரனின் பீப்பாயில் ஊரார் வாய் வைக்க மாட்டார்கள். அந்த வீட்டுக் குடி தங்கள் வீட்டுக்கு வந்துவிடும் என்பார்கள். வருகிற 28ஆம் தேதி திவசம். வீடு வீடாகப் போய் அழைத்தேன். "பூசைக்கு வர்றோம் பெப்பீனா. ஆனா வீட்டுக்குன்னு கூப்பிடாத" என்றார்கள். ஊர்ப் பொது ரொட்டி அடுப்படியில் செஸீரா என்பவள் எல்லார் காதிலும் விழும்படி, "ஏன்டி அழற? மீனுக்குத் தண்ணி மாதிரி, உன் மவன் ஆசப்பட்ட எடத்துலதானே போயிருக்கான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ரொட்டியை எடுக்காமலே வந்துவிட்டேன். நவம்பரில் அவனை மணக்க இருந்த பொனாரியாவின் தந்தை மோதிரத்தை ஒரு தாளில் சுற்றி என் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனார். கதவைக்கூடத் தட்டவில்லை.

6. தங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை பஸ் ஏறி வந்தேன். கடைசி முறை ஜன்னலில் இருந்த பிள்ளை, "ஏம்மா, செத்தவருக்கு இனிமே நல்ல பேரு எதுக்கு? வெயில்ல அலையாம வீட்டுக்குப் போங்கம்மா" என்றான். இரக்கத்தோடுதான் சொன்னான். அவன் மேல் எனக்குப் புகார் இல்லை.

7. இனி இரண்டாவது காரணம். எங்கள் ஊரில் நிதானத்தில் இருக்கிற எந்த மனிதனும் மெழுகுவர்த்தி இல்லாமல் கொதிக்கும் தொட்டியில் இறங்க மாட்டான். சுடரை முழங்காலுக்குக் கீழே பிடித்துப் பார்ப்பான். அணைந்தால் ஏறிவிடுவான். அதற்காகவே கீழறை வாசல் மாடத்தில் எப்போதும் ஒரு மெழுகுவர்த்தி இருக்கும். அன்றைக்கு மாடம் வெறுமையாக இருந்தது. மெழுகுவர்த்தி எடுக்காதவன் குடித்திருக்க வேண்டும் என்று அதிகாரி முடிவு செய்தார். இந்த ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். அவரையும் நான் குறை சொல்லவில்லை.

அந்த மெழுகுவர்த்தியை எடுத்தவள் நான், ஐயா.

அன்று காலை மேலறையில் அவனுடைய பீப்பாயின் பலகை இடுக்கில் ஒயின் கசிவதைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருட ஒயின். கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. மாடத்தில் இருந்த மெழுகுவர்த்தியை எடுத்துப்போய் உருக்கி, சாம்பல் கலந்து இடுக்கில் அப்பினேன். அப்போது கீழேயிருந்து, "அம்மா, மெழுகுவத்தி எங்கம்மா?" என்றான். "உன் பீப்பாய் ஒழுகுதுடா, இங்க வேலையா இருக்கு" என்றேன். "நல்லா அடைம்மா. கல்யாண ஒயின் ஒழுகிட்டா பொனாரியா வேற ஆளப் பாத்துக்குவா" என்று சிரித்தான். பிறகு, "ரெண்டு நிமிச வேலதான், மூச்சப் புடிச்சுக்கிட்டு எறங்கிடறேன்" என்றான். என் காதில் நன்றாக விழுந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மெழுகு இளகி இருந்தது, ஆறினால் ஒட்டாது என்று கை வேலையிலேயே இருந்துவிட்டேன். நான் இறங்கி வந்தபோது கீழே சத்தம் இல்லை.

போன இரண்டு மனுக்களிலும் இதை எழுதவில்லை. சொன்னால் ஊர் என்னை என்ன சொல்லும் என்று பயந்தேன். பதினொரு மாதம் என் பயத்துக்கு அவன் பெயரைப் பலி கொடுத்துவிட்டேன்.

8. ஆகையால் தங்களைக் கேட்டுக்கொள்வது:

ஒன்பதாம் வரியை அடித்துவிட வேண்டும். காரணம் என்று ஒன்று எழுதியே ஆக வேண்டுமென்றால், மெழுகுவர்த்தியை எடுத்த தாயின் பெயரை எழுதலாம். அதற்கு என்ன தண்டனை உண்டோ அதைத் தரலாம். நான் மறுக்க மாட்டேன்.

அந்தத் தாள் 28ஆம் தேதிக்கு முன்பு வர வேண்டும். பூசையில் சாமியார் அதை வாசிக்கட்டும். வாசித்தாலும் பொனாரியா திரும்பி வர மாட்டாள் என்று தெரியும். என் கையால் ஊற்றினால் ஊரார் குடிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். வேறு யாராவது ஊற்றட்டும். நான் அடுக்களைக்குள் இருந்துகொள்கிறேன். அவனுக்காக அவர்கள் ஒரு மிடறு குடித்தால் போதும்.

நான் சொல்வது பொய்யா என்று பார்க்க ஆள் அனுப்பலாம். பீப்பாய் மேலறையில் அப்படியே இருக்கிறது. கசிவு நின்றுவிட்டது. அன்று அப்பிய மெழுகில் என் வலது கட்டைவிரல் அழுந்திய தடம் இன்னும் இருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் ஒத்துப் பார்க்க உதவும் என்பதால் கீழே ரேகையும் வைத்திருக்கிறேன்.

இடம்: ஸா முரேதா
நாள்: 3.9.1979

இதைத் தன் கையால் எழுதிய,
பெப்பீனா கோஸ்ஸு
(ரைமொந்தோவின் தாய்)

வலது கட்டைவிரல் ரேகை