அக்காவின் இடக்கன்னம்

என் பவுனு அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். இங்கே குறையவில்லை. பரளச்சிக் கரிசல் இந்த வருடமும் உன் குதிகால் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. போன வாரம் வானம் இருட்டியது. நாலு துளி போட்டு, நாங்கள் கொடியில் காயப்போட்ட துணியை எடுக்க வைத்துவிட்டுப் போய்விட்டது. நீ இருந்திருந்தால் வானத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாய் என்பதை இங்கே எழுத முடியாது.

நாளை உன் வருடாந்திரம். கருமாதியன்றே நடந்திருக்க வேண்டிய படத்திறப்பும் நாளைக்குத்தான். எந்தப் படத்தை மாட்டுவது என்று முடிவாகாமல் தள்ளிப்போட்டோம். உன்னை எரித்துவிட்டு வர ஒரு பகல் போதுமானதாக இருந்தது. உனக்கு ஒரு படம் தேட ஒரு வருடம் ஆகியிருக்கிறது. உன் தம்பி செல்வத்துக்கு 'தரமான படம்' வேண்டுமாம்.

அந்தத் தரம் என்னவென்று போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன். தம்பி வீட்டுக் கூடத்தில் மடிக்கணினி திறந்திருந்தது. அதற்கு முன்னால் தம்பியும், அவன் மனைவியின் அண்ணன் பிரபாகரும். பிரபாகரை நீ மறந்திருக்க மாட்டாய். சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் பழைய பிலிம் கேமரா ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிறவர். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். குனிந்து சோறு பிசையும்போது கேமராவில் ரசம் பட்டுவிடுமோ என்று பரிமாறுகிறவள்தான் பயப்பட வேண்டும்.

திரையில் உன் முகங்கள் இரண்டு. இடது பக்கம், உன் இருபது வயதில் அருப்புக்கோட்டை ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். உன் டிரங்குப் பெட்டியில் இருந்த நெகட்டிவை பிரபாகர் ஏதோ ஒரு கருவியில் வைத்துக் கணினிக்குள் ஏற்றியிருந்தார். வலது பக்கம், தம்பி புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று அவன் போனில் எடுத்தது. இரண்டையும் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் திரை முழுக்க ஆளுக்கொரு கண்ணாக வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாருங்க மாப்ள. பிலிம்ல இமை முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. உங்க போன்ல மைய அள்ளி அப்புன மாதிரி இருக்கு."

"உங்க படத்துல மூஞ்சி பூராம் மணலு மச்சான். அள்ளி வீசுன மாதிரி."

"மணல் இல்ல மாப்ள, அது கிரெயின். படத்துக்கு உயிரே அதுலதான்."

"எத்தனை மெகாபிக்சல் தெரியுமா இந்தப் போனு? சும்மா பேசாதீக."

என் அக்காவின் கண் அது. அது மூடி ஒரு வருடம் ஆகிறது. அதில் இமை முடி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் இரண்டு ஆண்கள். மாட்டுத் தரகர்கள்கூடப் பல்லைப் பார்த்த கையோடு மாட்டையும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கன்னத்தைக் காட்டுங்கடா."

தம்பி இரண்டு படத்தையும் கீழே இழுத்தான். இரண்டு கன்னங்கள் வந்தன. இரண்டும் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருந்தன.

"கன்னம் எங்கடா?" என்றேன்.

"எந்தக் கன்னம்? இந்தா இருக்குல்ல."

அக்கா, உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என்றைக்காவது இந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கிறவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குப் பத்து வயது இருக்கும்போது, சீமைக்கருவேல விறகு அடுக்கிப் போட்ட கரிமூட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைத்த பக்கம் சரிந்தது. கங்கு உன் இடக்கன்னத்தைத் தின்றுவிட்டது. கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை வரைக்கும் தோல் சுருங்கி, கறுத்து, சிரித்தால் வாயை அந்தப் பக்கம் கொஞ்சம் இழுக்கும். அந்த இழுப்புதான் உன் சிரிப்பு. வேறு சிரிப்பு உனக்கு இருந்து நான் பார்த்ததில்லை.

"போனே பாத்துக்கிடும் சின்னக்கா. மூஞ்சில எது இருந்தாலும் அதுவே சரி பண்ணிரும்" என்றான் தம்பி, தானே அந்தப் போனைப் பெற்று வளர்த்தவன் மாதிரி.

சரி பண்ணிரும். என்ன தப்பாக இருந்தது, சரி பண்ண? ஐம்பது வயது வரைக்கும் அந்தக் கன்னத்தோடு நீ மிளகாய் போட்டாய், மல்லி விதைத்தாய், கமிஷன் கடைக்காரனிடம் சண்டை போட்டாய், இந்தச் செல்வத்தைப் படிக்க வைத்தாய். இவன் ஃபீஸ் கட்டியபோது உன் கன்னம் இவனுக்குச் சரியாகத்தான் இருந்தது.

"அதான் சொல்றேன் மதினி" என்று பிரபாகர் முன்னால் வந்தார். "டிஜிட்டல்னாலே பொய். கம்ப்யூட்டர் நினைச்சதைத்தான் அது காட்டும். பிலிம் பொய் சொல்லாது. ஒளி பட்டது பட்டபடி இருக்கும். இந்தக் கன்னத்தையே பாருங்க, தோல்ல இருக்கிற சின்னச் சின்னத் துவாரம்கூடத் தெரியுது. இந்த டீடெயில் எந்தப் போன்ல வரும்?"

அக்கா, நான் சிரித்துவிட்டேன். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்பார்கள். அதற்குத் துக்க வீட்டில் இப்படிப் பேசாமல் இருக்க வேண்டும்.

அந்தப் படத்தை எதற்காக எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்ப எடுத்தது. மல்லாங்கிணற்றுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து, பழம் வெற்றிலையோடு வந்தார்கள். நீ காபித் தட்டோடு வந்து நின்றாய். மாப்பிள்ளையின் அம்மா உன்னைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி உன்னைப் பார்த்தார். "போட்டோவுல இருந்த பிள்ளை எங்க?" என்றார். நக்கலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே வேறொரு பெண் உள்ளேயிருந்து வருவாள் என்று வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாதது.

மறுநாள் காலையில் நீ என்னை இழுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனாய். ஸ்டூடியோக்காரர் கல்லாவில் இருந்தார்.

"நெகட்டிவக் குடுங்க."

"எதுக்கு தாயி? இன்னும் காப்பி வேணும்னா நானே போட்டுத் தாரேன்."

"இனி ஒரு காப்பியும் எவனுக்கும் போகக் கூடாது. அதுக்குத்தேன் கேக்கேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நெகட்டிவை வெயிலில் சாய்த்துப் பிடித்தாய். கன்னம் இருந்த இடத்தில் பளபளவென்று ஏதோ மின்னியது. "பாருடி, பென்சிலு" என்றாய். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகத் தெரியுமே, அந்த வெளுத்த இடத்தில் கூர் சீவிய பென்சிலால் பொடிப்பொடியாகக் கோடு இழுத்து அடைத்திருந்தார் அந்த மனிதர். பிரிண்ட் போட்டால் தழும்பு இருக்காது. நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். எல்லாரும் நல்லதுதான் செய்தார்கள் உனக்கு.

பிரபாகர் கண்டுபிடித்த தோல் துவாரம் அதுதான். பென்சில் கோடு. நான் நெகட்டிவை எடுத்துப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து அவரிடம் காட்டினேன். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் அக்காவைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்தக் காலத்துல என்ன கைத்திறன் பாத்தீங்களா மதினி!" என்றார்.

இந்த ஆளிடம் என்ன பேச? ஒருவனுக்குப் போன் பொய் சொன்னால் வசதி. இன்னொருவருக்குப் பிலிம் பொய் சொன்னால் கலை. எது நுணுக்கமாகப் பொய் சொல்கிறது என்பதற்குத்தான் அவ்வளவு சண்டையும்.

என் எரிச்சலில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது என்று நீ சொல்வாய். இருக்கிறதுதான். உன் முகம் என் ஒருத்திக்குத்தான் தெரியும் என்கிற பெருமை. சொந்தத் தம்பியைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்று பாதியில் பேனாவை வைத்துவிட்டும் பார்த்தேன். கோபம் போகட்டும் என்று காத்திருந்தால் உன் படத்திறப்பு போய்விடும். மறுபடி எடுத்துக்கொண்டேன்.

பிறகு நான் என் படத்தைக் காட்டினேன். உனக்கு நினைவிருக்கும். பூவும் பிஞ்சுமாக நின்ற மிளகாய், மழையில்லாமல் கருகிய வருடம், சேதம் பார்க்க விவசாய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தாரே. விவசாயி தன் வயலில் காய்ந்த செடியோடு நிற்கிற மாதிரி படம் வேண்டும் என்று, உச்சி வெயிலில் உன்னை நிறுத்தி எடுத்தார். எந்த இடத்தில் எடுத்தது என்பதை அந்தப் படமே கீழ்ப்பக்கம் எழுதிக்கொள்ளும். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் உன் இடுப்புக்குக் குறுக்கே வெள்ளை எழுத்தில் ஓடும். அதை நீ அவரிடம் வாங்கி எனக்குப் போனில் அனுப்பிவிட்டு, குரலையும் பதிவு செய்து அனுப்பியிருந்தாய். அந்தக் குரலை இந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ஏய் தனம், பயிரைப் பிடிக்க வந்தவுக என்னயப் பிடிச்சிட்டுப் போயிட்டாகடி. செடி காஞ்சது சரியாவே தெரியல. மூஞ்சி மட்டும் என் மூஞ்சியாவே இருக்கு, பாரேன்." அதற்குப் பிறகு சிரிக்கிறாய். வாய் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்வது குரலிலேயே தெரிகிறது.

மட்டமான படம்தான் அக்கா. போனும் மட்டம், வெயிலும் நேர் உச்சியில். அனுப்பி வந்ததில் இன்னும் கெட்டுப்போயிருக்கிறது. சேலையில் பூ எது, மடிப்பு எது என்று தெரியாது. இமை முடி ஒன்றுகூட எண்ண முடியாது. ஆனால் கன்னம் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே தொடங்கி, சுருங்கி, கறுத்து, தாடையில் போய் முடிகிற அந்தக் கன்னம். உன்னை அழகாக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அவருக்குச் செடிதான் முக்கியம். உன்னை உள்ளபடி விட்டுவைத்த ஒரே படம், உன்னை எடுக்க வராதவர் எடுத்தது.

"இதையா மாட்டச் சொல்ற? அட்சரேகையெல்லாம் போட்டு?" என்றான் தம்பி. "வர்ற சனம் என்ன நினைக்கும் சின்னக்கா? நிவாரணத்துக்கு மனு போட்டிருக்கோம்னு நினைக்கும்."

"நினைக்கட்டும்."

"பெரியக்கா நல்லா இருக்கணும்னுதான நான் பாக்குறேன்."

"செத்தவ இனிமே என்னடா நல்லா இருக்கிறது?"

நம் வீட்டில் படத்தின் மேல் போட்ட துணியை விலக்குவது, இருக்கிறவர்களில் மூத்த பிறப்பு. அது இப்போது நான். சோப்புக் கட்டிப் படத்தை மாட்டினால் துணியில் கை வைக்க மாட்டேன், வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அது மூடியபடியே இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு என்னைத் தெரியும். "என்னமும் பண்ணு. அந்த நம்பரையாவது வெட்டிரு" என்றான்.

வெட்டவில்லை. அந்த எண்களைத் தேடிப் போகிற எவரும் உன் மிளகாய்ப் புஞ்சையில், நீ நின்ற அதே வரப்பில் வந்து நிற்பார்கள். பிரபாகரின் பிலிமில், தம்பியின் போனில் இருக்கிறதா இந்த நுணுக்கம்?

பாளையம்பட்டியில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். "பெருசாப் போட்டா உடையும்க்கா" என்றார் கடைக்காரர். உடையட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் போனால் முகமெல்லாம் துடைத்து வைத்திருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன வழவழப்பு, மூன்றாவது தரமாக. கீழே இருந்த எண்களையும் காணோம்.

"எங்க அக்கா கன்னத்தைத் திருப்பி வைங்க" என்றேன்.

"கிளீன் பண்ணிருக்கேன்க்கா. எல்லாரும் கேட்டு வாங்குறது. உங்களுக்கு நானா பண்ணிக் குடுத்தேன்."

"கேக்காமப் பண்ணுனதைக் கேட்டு எடுக்கச் சொல்றேன். எடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே பழைய படத்தைத் திறந்தார். தொடாமல், வெட்டாமல் அடித்துக் கொடுத்தார். உடைந்துதான் இருக்கிறது. கட்டம் கட்டமாக. பத்தடி தள்ளி நின்று பார்த்தால், களை எடுக்கிறவர்களை அதட்டிவிட்டுத் திரும்பிய மாதிரி நிற்கிறாய்.

இப்போது அது என் அறையில், வேட்டித் துணியில் சுற்றி, சுவரில் சாய்ந்திருக்கிறது. நாளை காலை தம்பி வீட்டுக் கூடத்தில் ஏறும். உறவெல்லாம் வரும். அந்த நெகட்டிவை என்ன செய்வது என்று தெரியவில்லை அக்கா. பிரபாகர் கேட்டார், கொடுக்கவில்லை. நீயே சொல்லியிருக்கிறாய், இனி எவனுக்கும் போகக் கூடாது என்று.

துணியை உன் இடப்பக்கத்திலிருந்துதான் விலக்கப்போகிறேன். முதலில் தெரிவது உன் கன்னமாக இருக்கும். எவராவது முகத்தைச் சுளித்தாலோ, "போட்டோவுல இருக்கிறது யாரு?" என்று கேட்டாலோ, நீ காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டியதில்லை. நான் பேசிக்கொள்கிறேன்.

உன் இடக்கன்னத்துப் பக்கமே படுத்து வளர்ந்த தங்கச்சி,
தனம்