ஆறுதல் சொல்லப் போய்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. சுகமில்லை என்றால் சுகமில்லை என்றே எழுது, எனக்காகப் பூசி மெழுக வேண்டாம்.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். போன வாரம் தையல் மெஷின் ஊசி என் வலது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது, இப்போது ஆறி வருகிறது. அது எப்படி ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நாலு மாதத்துக்கு முன் நீ ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, ஏழு மாசம் சுமந்தேனே அம்மா, கடவுளுக்குக் கண்ணே இல்லையா என்று கதறினாய். நான் என்ன செய்தேன்? அப்படியெல்லாம் பேசாதேடி, பாவம், எல்லாம் அவர் சித்தம் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார், தூங்குறா அத்தை என்கிறார், பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. எனக்கும் முதலில் கோபம்தான், நல்லதைச் சொன்னதற்கா இந்த முறைப்பு என்று உன் அப்பாவிடம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

வேலையில் சாப்பாட்டு இடைவேளையில் உன் தங்கை எனக்கு வேதம் வாசிப்பாள். நான் மெஷினில் தைக்கிற அதே கம்பெனியில் அவளுக்குப் பள்ளிச் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிற வேலை, நாளெல்லாம் இருந்தாலும் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஊசி இறங்கிய அன்றைக்கு அவள் வாசித்தது, பிள்ளைகளையெல்லாம் ஒரே நாளில் பறிகொடுத்த, வேதத்தில் வருகிற அந்த மனிதரின் கதை. அவரைத் தேற்ற வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்லவர்கள்தான், வாயைத் திறந்ததும்தான் வம்பு. அவரோ கடவுளிடமே நியாயம் கேட்டு மல்லுக்கு நின்றார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவரை இல்லை, கடவுளுக்காக வக்காலத்து வாங்கின இவர்களைத்தான். வாசித்து முடித்துவிட்டு நம் ஊமைக்கோட்டான் தலையை நிமிர்த்தாமல், "அக்கா கடவுள்கிட்டதானேம்மா சண்ட போட்டா, நீ ஏன் நடுவுல போன?" என்றாள். இதையும் எழுதணுமா என்று இப்போது முறைக்கிறாள், எழுதடி என்று சொல்லிவிட்டேன்.

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். முப்பது வருஷமாக நான் ஜெபம் செய்கிறேன், ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து ஆமென் வரை மேலதிகாரிக்கு மனு எழுதுகிற மாதிரி. என் வயிற்றில் எரிவதை ஒருநாளும் சொன்னதில்லை. அன்று மதியம் மெஷினில் உட்கார்ந்துகொண்டே முதல் முறையாகக் கேட்டேன், என் பிள்ளையை ஏன் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பினீர், உமக்கு இது நியாயமா என்று. கண்ணீரில் துணி தெரியவில்லை, ஊசி விரலில் இறங்கியது. உன் அப்பா டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, "கடவுளோட சண்ட போடுறவ மெஷின நிறுத்திட்டுப் போடக்கூடாதா?" என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். எனக்குப் பதில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் இவ்வளவு காலம் தூரத்தில் இருந்த கடவுள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்ட மாதிரி இருந்தது.

அதனால் சொல்கிறேன் கண்ணே, அவரிடம் சண்டை போடு, அவர் தாங்குவார். பேச மனமில்லை என்றால் அதையும் அவரிடமே சொல். என்னையும் திட்டு. போனில் ஒன்றும் பேசாமல் அழுதாலும் சரி, நான் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் சாப்பிடச் சொல், அவருக்கும் அது பிள்ளைதான். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

ஒன்று மறக்காமல் எழுது. குழந்தைக்கு என்ன பெயர் நினைத்து வைத்திருந்தீர்கள் என்று நான் இதுவரை கேட்கவே இல்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் இனி நான் கர்த்தரிடம் பேச வேண்டும்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்குப் பாட்டியான
உன் அம்மா