தண்ணீர் குடிக்காத அக்காவுக்கு

என் ஈசுவரி அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அழுதுகொண்டு எழுதவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போடியில் மூட்டை மூட்டையாய்க் காய் அடுக்கிய அந்த ஏலக்காய்க் கிட்டங்கியில் எத்தனை வருஷம் தரம் பார்த்துக் காய் பொறுக்கினாய்! காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுவாய். பெண்களுக்கென்று அங்கே கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீரே குடிக்க மாட்டாய். கேட்டால், "வீட்டுக்கு வந்து குடிச்சுக்கிறேன்டி" என்பாய். சிறுநீரகம் கெட்டுப்போனதும் டாக்டர் உன்னைத்தான் திட்டினார். அந்தக் கட்டடத்தை வரைந்தவரை யார் திட்டினார்கள்?

உன் சம்பளத்தில்தான் நான் கட்டடக்கலை படித்தேன். லாரி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாள் முழுக்கத் தரையில் உட்காரும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உன்னோடு ஒரே வீட்டில் இருந்த நானும் ஏன் கேட்காமல் போனேன் அக்கா?

இப்போது நான் அதே படிப்பைச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பருவம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு ஏலக்காய்க் கிட்டங்கி வரையச் சொன்னேன். முதலாளிக்கு ஏ.சி. அறை இருந்தது. காய் வாங்க வருகிறவர்களுக்குக் கழிப்பறை இருந்தது. பொறுக்குகிற பெண்களுக்கு ஒரு மூலைகூட இல்லை. படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லோரையும் பஸ்ஸில் போடிக்கு அழைத்துப்போனேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாரே பாக்கியம் மதினி, அவரிடம் ஒரு மாணவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"வேணாம்யா. குடிச்சா எங்கிட்டுப் போறது?"

அவன் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றான்.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டார். "கட்டடத்துல எதுக்கு மேடம் ஆம்பள, பொம்பளன்னு பிரிக்கிறீங்க? பொதுவாச் சொல்லிக் குடுங்க."

"பொதுவாச் சொல்லிக் குடுத்துத்தான் சார் எங்கக்கா செத்துப்போனா."

பழைய பாடத்துக்கே போகச் சொன்னார். நான் போகவில்லை.

மதிப்பீட்டு நாளில் நடுவர் நாற்காலி ஒன்றில் மதினியை உட்காரவைத்தேன். அனிதா என்ற மாணவியின் படம் அழகாக இருந்தது. பெண்களுக்குக் கழிப்பறையும் வைத்திருந்தாள். துறைத்தலைவரே தலையாட்டினார். மதினி மட்டும் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கதவு எங்கிட்டுத் தாயி பாக்குது?"

"லாரி நிக்கிற பக்கம்."

"அங்ஙன லோடு ஏத்துற ஆம்பளையாளுக அம்புட்டுப் பேரும் நிப்பாக. அவுக கண்ணு முன்னால எப்படிப் போறது? இதக் கட்டுனாலும் நாங்க தண்ணி குடிக்க மாட்டோம்."

அனிதா அங்கேயே பென்சிலை எடுத்து, கதவைப் பெண்கள் உட்காரும் கூடத்துப் பக்கம் மாற்றிப் போட்டாள்.

"இப்பச் சரியாக்கா?"

"இப்பச் சரி."

வெளியாளை நடுவராக்கியது ஏன் என்று கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. "அந்தக் கட்டடத்துக்கு நாம்தான் வெளியாட்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தேன். இதுவரை அதற்கு மறுபேச்சு வரவில்லை. வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த பருவமும் இதே பாடம்தான். மதினிக்கும் சொல்லிவிட்டேன். நான் இந்த வேலையில் இருக்கும்வரை, உள்ளே உட்காரப்போகிற பெண்கள் பார்த்துச் சொல்லாத எந்தப் படத்திலும் என் கையெழுத்து விழாது. வேலையைப் பிடுங்கினால், அனிதாவின் படத்தை எடுத்துக்கொண்டு நேரே உன் முதலாளி வாசலில் போய் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு பிறந்தவள்,
செல்வி